மூன்று சாக்கு அரிசியும் ஒரு கிறிஸ்துமஸும்

படுக்கையிலிருந்து காலை இறக்கி வைத்தேன். தரை இல்லை. வெள்ளம்தான் இருந்தது, கணுக்காலுக்கு மேலே, சில்லென்று. காலை மறுபடியும் தூக்கிப் பார்த்தால் பாதம் முழுக்க அரிசி ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஒரு நிமிஷம் எனக்கு ஒன்றும் மனசிலாகவில்லை. கிறிஸ்துமஸ் காலை. மேலே இருக்கிற சின்னக் கண்ணாடி வழியாக வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. துறைமுகத்தில் ஒரு சத்தம் இல்லை. நடுராத்திரிப் பூசை முடிந்து, வெடியெல்லாம் போட்டு ஓய்ந்து, ஊரே அப்போதுதான் கண்ணசந்திருந்தது. எனக்கு எதிரே என் மகனுடைய ஷூ ஒன்று மெதுவாக மிதந்து வந்தது. பின்னாலேயே அதன் ஜோடியும் வந்தது.

வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் கதவைத் திறந்து துடைப்பத்தால் வெளியே தள்ளலாம். படகுக்குள் வந்தால் எங்கே தள்ள?

நான் கத்தவில்லை. ஆயுசில் பாதியை ஆஸ்பத்திரியில் நர்ஸாகக் கழித்தவள். கத்தினால் காரியம் நடக்காது என்பது எனக்குத் தெரியும். பக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த மனுஷனைத் தோளில் தட்டி, "இஞ்ச பாருங்க, கப்பல் முங்குது" என்றேன்.

கரையில் இருந்தவள்

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்காகக் கொஞ்சம் பழங்கதை. மற்றவர்கள் தாண்டிப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

என் பெயர் பகவதி. தக்கலைப் பக்கம் வேலை, நாகர்கோவிலில் வீடு. இவர் பெயர் தாணு. வளைகுடாவில் இழுவைக் கப்பலில் எஞ்சினியர். பெரிய கப்பல்களைக் கயிறு போட்டு இழுத்துத் துறைமுகத்துக்குள் கொண்டுவந்து விடுகிற சின்னக் கப்பல் அது. கல்யாண மாலை வாடுமுன்னே போனவர். அப்புறம் வருஷத்துக்கு ஒரு மாதம் லீவு. அந்த ஒரு மாதமும் கல்யாண வீடு, சாவு விழுந்த துட்டி வீடு, அக்காமார் வீட்டு விருந்து, வீட்டுக்கு வெள்ளையடிப்பு என்று ஓடிப்போகும். பெட்டியைக் கட்டுகிற அன்றைக்குத்தான் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் ஒழுங்காகப் பார்ப்போம்.

நாகர்கோவில் வீட்டைக் கட்டினோம் என்று சொல்லுவார். கட்டினோம் என்ன, நான் கட்டினேன். கொத்தனாரோடு மல்லுக்கு நின்றதும், கான்கிரீட் போட்ட அன்றைக்கு மழை வந்து சாக்கைப் பிடித்துக்கொண்டு மொட்டை மாடியில் நின்றதும் நான். மகன் மகேஷுக்குக் காய்ச்சல் வந்தாலும் பரீட்சை வந்தாலும் நான்தான். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அன்றைக்கு எங்கள் ஊரில் பாதி வீடு அப்படித்தான் இருந்தது.

பிறகு ஒருநாள் ஓய்வு பெற்று ஒரேயடியாக வந்து சேர்ந்தார். ஆசையாகத்தான் இருந்தேன். ஆனால் வந்த மனுஷன் அந்த வீட்டில் விருந்தாளி மாதிரி இருந்தார். உப்பு டப்பா எங்கே இருக்கிறது என்று தெரியாது. தெரிந்துகொள்ளவும் கூச்சம். டி.வி. முன்னால் உட்கார்ந்தால் நான் வந்து எழுப்பினால்தான் உண்டு. எங்கள் பேச்சு முழுவதும் ஒரு காப்பி குடித்து முடிக்குமுன் தீர்ந்துவிடும். சாயங்காலம் ஆனால் மொட்டை மாடிக்குப் போய் மேற்கே பார்த்துக்கொண்டு நிற்பார். அங்கேயிருந்து கடல் தெரியாது. தெரியாது என்று அவருக்கும் தெரியும்.

அப்போதுதான் கொச்சியில் ஒரு வெள்ளைக்காரர் தன்னுடைய பாய்மரப் படகை விற்றுவிட்டு ஊருக்குப் போகப்போகிறார் என்று பழைய சிநேகிதர் ஒருவர் சொன்னார். சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று இரண்டு பேரும் போனோம். நாற்பது அடிகூட இருக்காது. உள்ளே ஒரு சமையல் மேடை, முன்னாலே ஒரு படுக்கை, நடுவில் மேஜையும் இரண்டு பக்கமும் மெத்தைப் பலகையும், நிமிர்ந்தால் தலை இடிக்கிற ஒரு கழிப்பறை. போன வாரம் ஒரு வாசகர் அதைப் பற்றித்தான் கேட்டிருந்தார். இருக்கிறது ஐயா, கதவும் இருக்கிறது.

ஊரில் இரண்டு விதமாகப் பேசினார்கள். அவனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார்கள். பாவம் அவள், புருஷன் சொல் தட்டாதவள், பின்னாலேயே போய்விட்டாள் என்றார்கள். முதலாவதை நான் சட்டை செய்யவில்லை. இரண்டாவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. உள்ளதைச் சொன்னால், வாங்கலாம் என்று முதலில் வாயைத் திறந்தது நான். இவர் சுக்கானைத் தடவிக்கொண்டு பேசாமல் நின்றார். அந்தத் தடவலைப் பார்த்துத்தான் சொன்னேன்.

கொச்சியிலிருந்து கொல்லம் வரும்வரை குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தேன். கழுதைக்கு வாழ்க்கைப்பட்டு உதைக்குப் பயந்தால் ஆகுமா? எழுந்து வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடியும் கயிற்றைப் பிடித்தேன். கப்பல்காரர்கள் இடது வலதுக்குச் சொல்லுகிற இங்கிலீஷ் வார்த்தைகளை இவர் கத்துவார். எனக்கு அது ஏறாது. சோத்தாங்கைப் பக்கம், பீச்சாங்கைப் பக்கம், அவ்வளவுதான். இப்போது அவரும் அப்படித்தான் சொல்லுகிறார்.

சண்டைக்குக் குறைவில்லை. கயிற்றை ஏன் விட்டாய், ஏன் விடவில்லை, கேஸை ஏன் அடைக்கவில்லை, பாயை ஏன் அவ்வளவு ஏற்றினீர்கள். கல்யாணம் ஆன நாள் முதல் போடாமல் விட்ட சண்டை எல்லாம் பாக்கி கிடந்தது. ஒவ்வொன்றாகப் போட்டோம். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

எல்லாப் படகும் வீட்டுக்கு வருகிற மாதம்

ஆனி ஆடியில் எங்கள் கடலில் இந்தப் படகை வைத்துக்கொண்டு இருக்க முடியாது. அப்போது கொச்சிக் காயலுக்குள் போய் ஒதுங்கிவிடுவோம். ஐப்பசி மழை கழிந்ததும் கொல்லம், விழிஞ்சம் என்று தங்கித் தங்கித் தெற்கே இறங்கி எங்கள் ஜில்லாவுக்கு வந்துவிடுவோம். இங்கே ஒரு மீன்பிடித் துறைமுகத்தின் ஓரமாக எங்களுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் நாளைக்கு நாலு பேர் வேடிக்கை பார்க்க வருவார்கள், சூசை என்னைத்தான் ஏசுவான்.

சூசைக்கு ஐம்பது வயது இருக்கும். சொந்தமாக ஒரு விசைப்படகு வைத்திருக்கிறான். அவன் கட்டைவிரலில் ஏறிய தூண்டில் முள்ளை நான் எடுத்துவிட்டேன், அன்றிலிருந்து பழக்கம். அப்புறம் யாருக்கு முள் ஏறினாலும், கயிறு அறுத்தாலும், "நர்சம்மா" என்று படகின் விளிம்பில் வந்து தட்டுவார்கள். மருந்துப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவேன்.

மார்கழி பிறந்ததும் அந்தத் துறைமுகம் வேறு ஒன்றாகிவிடும். கேரளத்தில், கர்நாடகத்தில், குஜராத்தில் என்று எங்கெங்கேயோ தொழில் செய்யப் போன படகெல்லாம் கிறிஸ்துமஸுக்கு வீடு திரும்பும். வந்தால் புது வருஷப் பிறப்பு கழியாமல் கடலுக்குப் போகாது. அத்தனைக்கும் துறைமுகச் சுவரில் கட்ட இடம் ஏது? ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கட்டுவார்கள். சுவரிலிருந்து கடைசிப் படகு வரை கால் நனையாமல் நடந்து போகலாம். ஒவ்வொரு கொடிமரத்திலும் ஒரு நட்சத்திர விளக்கு தொங்கும். ஏலக்கூடத்தில் வைக்கோல் போட்டுக் குடில் கட்டியிருப்பார்கள். மீன் நாற்றம் போய், படகுக்கு அடித்த புதுச் சாயமும் வெடிமருந்தும் கேக்கும் மணக்கும். இளவட்டங்கள் டிரம்மை அடித்துக்கொண்டு பாட்டுப் பாடிப் படகு படகாக ஏறி இறங்குவார்கள். எங்கள் படகிலும் ஏறிப் பாடினார்கள். நான் முறுக்கு கொடுத்தேன்.

எங்கள் சொந்தக்காரர்களுக்கு இது ஒரு மனக்குறை. மார்கழியில் சுசீந்திரம் தேர் பார்க்க வராமல் மீன்படகு நடுவில் என்ன குடித்தனம் என்று. தேருக்குப் போனேன், வடமும் தொட்டேன், அன்றைக்கே திரும்பி வந்தேன். மார்கழியில் நாங்கள் மீன் தொடுவதில்லை. அது சூசையின் மனைவிக்குத் தெரியும். அவள் எங்களுக்கு என்று தனியாக அப்பமும் தேங்காய்ப்பாலும் கொடுத்து விடுவாள்.

முதலில் வந்தது நாங்கள். அதனால் சுவரை ஒட்டி நாங்கள். எங்களுக்கு வெளியே சூசையின் படகு, அதற்கு வெளியே இன்னும் பல. அவை எல்லாம் நகராமல் நாங்கள் நகர முடியாது. அதைப் பற்றி யார் கவலைப்பட்டது? விடுமுறை, எங்கே போகப்போகிறோம் என்று இருந்துவிட்டோம்.

என்னைக் கேட்காமல் போட்ட ஒப்பந்தம்

மகேஷ் பெங்களூரில் வேலை பார்க்கிறான். மருமகளுக்கு ஊர் அருமனை, கிறிஸ்தவக் குடும்பம். நல்ல பிள்ளை. கிறிஸ்துமஸுக்கு அவள் அம்மா வீட்டுக்கு வந்துவிடுவாள், இவனும் வருவான்.

ஆவணியில் இவர் மேல்தளத்தில் வழுக்கி விழுந்து விலாவில் அடிபட்டுக்கொண்டார். பெரிதாக ஒன்றுமில்லை, நான் கட்டுப்போட்டேன், ஆறியது. ஆனால் மகேஷ் ஆறவில்லை. தினமும் போன். வயதான காலத்தில் எதற்கு இந்த வம்பு, வீட்டில் மூன்று அறை சும்மா கிடக்கிறது, ராத்திரி நெஞ்சு வலித்தால் யாரைக் கூப்பிடுவீர்கள், இப்படியே.

கடைசியில் அப்பனும் மகனும் போனிலேயே ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். மகேஷ் கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் எங்களோடு படகில் தங்குவது. எல்லாம் சரியாக இருந்தால் இனி ஒரு வார்த்தை பேசமாட்டான். சரியில்லை என்று பட்டால் நாங்கள் கரையேறிவிட வேண்டும், படகைக் கொச்சிக்குக் கொண்டுபோய் விற்றுவிட வேண்டும். இவர் சரி என்று சொல்லிவிட்டார்.

என்னை யாரும் கேட்கவில்லை. நான் அந்த நேரம் பக்கத்தில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். போனை வைத்துவிட்டு இவர் என்னைப் பார்த்து, அவன் வந்து பார்த்தால் அவனுக்கே பிடித்துப்போகும் என்று சிரித்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் சிரட்டையைக் கடலில் எறிந்தேன். குடியிருக்கிறவள் நான். வீடு மாறு என்று சொல்ல அவர்கள் இரண்டு பேரும் யார்? ஆனால் சரி, போகட்டும், பார்ப்போம் என்று வாயை மூடிக்கொண்டேன். அவன் வரும் நாளுக்குள் எல்லாவற்றையும் துடைத்துத் தேய்த்து, பித்தளையைப் புளிபோட்டு விளக்கி, கண்ணாடி மாதிரி வைத்தேன்.

மகேஷ் வந்தான். முதல் நாள் ஒரு குறையும் இல்லை. மேல்தளத்தில் உட்கார்ந்து நட்சத்திரங்களை எல்லாம் போட்டோ எடுத்தான். சூசையோடு கேக் தின்றான். நடுராத்திரிப் பூசையை வெளியே நின்று பார்த்தான். நல்லாத்தான் இருக்கும்மா என்று சொல்லிவிட்டுத்தான் மெத்தைப் பலகையில் படுத்தான். நான் நிம்மதியாகக் கண்ணை மூடினேன்.

கடையரிசி வாங்காத பரம்பரை

இனி அரிசிக் கதை. இதைச் சொல்லாமல் மிச்சத்தைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

நாஞ்சில் நாட்டில் ஒரு துண்டு வயல் வைத்திருக்கிறவன் வீட்டில் கடையரிசி புழங்கினால் மானம் போயிற்று. நெல் விலைக்கும் கூலிக்கும் கட்டுப்படியாகாது, கடையில் வாங்கினால் ஆதாயம், எல்லாம் எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் சொந்த வயல் நெல்லை அவித்துக் குத்திய அரிசிதான் அடுக்களைக்குள் வரவேண்டும். இவருக்குப் பூதப்பாண்டிப் பக்கம் கொஞ்சம் வயல் உண்டு. அதைப் பார்த்துக்கொள்வது இவருடைய அக்கா, கோலம்மை மைனி.

நாங்கள் படகில் குடியேறியது மைனிக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. அங்கே போய்க் கடையரிசி வாங்கித் தின்கிறோம் என்று யாரோ சொன்னதுதான் தாங்கவில்லை. அந்த வாரமே ஒரு சரக்கு ஆட்டோவில் மூன்று சாக்கு புழுங்கலரிசியை ஏற்றித் துறைமுகத்துக்கே அனுப்பிவிட்டாள். இறக்கும்போது சூசை பார்த்துக்கொண்டு நின்றான். கப்பல் அமெரிக்காவுக்கா போகுது நர்சம்மா என்று கேட்டான்.

இரண்டு பேருக்கு மூன்று சாக்கு. வேண்டாம் என்று திருப்பி அனுப்ப முடியுமா? அக்காக்காரி மூன்று மாதம் பேசமாட்டாள். வைக்கவும் இடமில்லை. இவர் யோசித்தார். படகின் தரைப்பலகைக்கு அடியில், அடிவயிற்றில், ஒரு பள்ளம் உண்டு. ஒழுகுகிற தண்ணீர் எல்லாம் அங்கேதான் வந்து சேரும். சேர்ந்ததைத் தானாக வெளியே தள்ள ஒரு சின்ன மோட்டார் பம்பு அங்கே இருக்கும். தண்ணீர் ஏறினால் மிதப்பு எழும், பம்பு ஓடும். அந்தப் பள்ளத்துக்குப் பக்கத்தில் பாரம் வைத்தால் படகு ஆடாமல் நிற்கும் என்று இவர் கண்டுபிடித்தார். ஆயுசு முழுக்க எஞ்சின் பார்த்த மனுஷன் சொன்னால் நான் என்ன சொல்ல? எனக்கும் கண்ணில் படாமல் ஒழிந்தால் போதும் என்று இருந்தது.

இரண்டு சாக்கை மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம்மில் கொட்டினோம். மூன்றாவதுக்கு டிரம் கிடைக்கவில்லை. சாக்கோடு பாலிதீன் பையில் சுற்றி உள்ளே வைத்துவிட்டு, டிரம் வாங்கியதும் மாற்றிக்கொள்ளலாம் என்றார். நாளைக்கு நாளைக்கு என்று போயிற்று.

படகெல்லாம் ஒட்டிக் கட்டிய பிறகு ராத்திரியில் தரைக்கு அடியில் ஏதோ கரகர என்று சத்தம் கேட்டது. மரம் உரசுகிறது என்றார் இவர். நானும் அப்படியே நினைத்தேன்.

கஞ்சித்தண்ணி

கிறிஸ்துமஸ் காலைக்கு வருவோம்.

கப்பல் முங்குது என்றதும் இவர் எழுந்து நேரே வெள்ளத்தில் இறங்கினார். ஒரு விரலை முக்கி நாக்கில் வைத்தார். உப்பு. குடிதண்ணீர்த் தொட்டி உடையவில்லை, கடல்தான் உள்ளே வருகிறது. எஞ்சின் பெட்டியைத் திறந்து கையை விட்டார். படகைத் தள்ளுகிற சுழலியின் தண்டு வெளியே போகிற இடத்தில் ஒரு நட்டு தளர்ந்து, அதன் வழியே தண்ணீர் கயிறாக வந்துகொண்டிருந்தது. ஸ்பானரைப் போட்டு இறுக்கினார். கயிறு சொட்டாக மாறியது. இவ்வளவும் ஒரு வார்த்தை பேசாமல் செய்தார். அந்த நேரம் அவரைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது.

அப்படியானால் பம்பு ஏன் ஓடவில்லை? தரைப்பலகையைத் தூக்கிப் பள்ளத்துக்குள் தோள்வரை கையை விட்டார். வெளியே எடுத்தபோது கை நிறைய அரிசி, ஊறி, பருத்து, வெள்ளைவெளேரென்று. மிதப்பு எழும்ப முடியாதபடி அரிசி அதை மூடிவிட்டது. பம்பின் வாய் முழுக்க அரிசி. சாக்கின் ஓரத்தில் ஒரு ஓட்டை. எலி கடித்த ஓட்டை.

மகேஷ் மெத்தைப் பலகை மேல் எழுந்து நின்றுகொண்டு அப்பா கையில் இருந்த அரிசியைப் பார்த்தான். நான் மகேஷைப் பார்த்தேன். இனி என்ன நடக்கும் என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அதற்கு அழ நேரமில்லை. அண்டாவை அவன் கையில் கொடுத்து, "கோரு மக்கா" என்றேன்.

வாளி, குக்கர், சோற்றுப் பானை, கையில் கிடைத்ததால் எல்லாம் கோரி மேலே தூக்கி ஊற்றினோம். கோரக் கோர வெள்ளம் குறைகிற மாதிரி தெரியவில்லை. என் சேலை இடுப்புவரை நனைந்து கனத்தது. இவருக்கு மூச்சு வாங்கியது. விலாவைப் பிடித்துக்கொண்டார். உட்காருங்க என்றேன், உட்காரவில்லை.

சூசை பக்கத்தில் இருந்த தன் படகின் மேல்தளத்துக்கு ஏறி வந்தான். புதுச் சட்டை, மடிப்புகூடக் கலையவில்லை. படகின் ஓரத்தில் கடல் வெள்ளையாகக் கலங்கியிருப்பதைப் பார்த்து எட்டிப் பார்த்தான். கிறிஸ்துமஸுக்கு இத்தனை பேருக்கா கஞ்சி வைக்கிறீங்க என்று கேட்க வந்தவன், உள்ளே பார்த்ததும் வாயை மூடினான். திரும்பி ஒரு சத்தம் கொடுத்தான். நாலைந்து படகிலிருந்து ஆட்கள் எழுந்து வந்தார்கள். புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். வாளி கைக்குக் கை போனது.

தன் படகிலிருந்து டீசல் பம்பைக் கொண்டுவரப் போனான் சூசை. அதிலும் அரிசி போய் அடைத்தால் அதுவும் போயிற்று. நான் கொடியில் கிடந்த பழைய துவர்த்துத் துண்டை எடுத்து, குழாயின் வாயில் இரண்டு மடிப்பாகப் போட்டுப் புண்ணுக்குக் கட்டுகிற மாதிரி இறுக்கிக் கட்டினேன். அடைத்தால் அவிழ்த்து உதறி மறுபடியும் கட்டுவது. பம்பு ஓடியது. சூசையின் ஆட்கள் பாட்டுகூடப் பாட ஆரம்பித்துவிட்டார்கள். கோயிலில் காலைப் பூசைக்கு மணி அடிக்கும்போது தரைப்பலகை தெரிந்தது.

எல்லாரும் போன பிறகு சூசை மட்டும் தயங்கி நின்றான். எலி எங்களுக்க கயிறு வழியாத்தான் ஏறி வந்திருக்கும் நர்சம்மா, மன்னிச்சுக்கிடுங்க என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எலி உன்னுடையது, அரிசி எங்களுடையது, சரியாகப் போயிற்று, போய்ப் பண்டிகைச் சோறு தின்னு என்று அனுப்பினேன்.

நனைந்த பிறகு

மேல்தளத்தில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். மெத்தை, போர்வை, மகேஷின் பை எல்லாம் வெயிலில் காய்ந்தது. நான் பாலில்லாமல் கட்டன் சாயா போட்டேன்.

மகேஷ் போனை எடுத்துக் காருக்குச் சொன்னான். பிறகு என்னிடம் தணிந்த குரலில் துணியெல்லாம் எடுத்து வைக்கச் சொன்னான். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். அவன் கண் கலங்கியிருந்தது. சின்ன வயதிலிருந்தே ஒவ்வொரு தடவை டெலிபோன் மணி அடிக்கும்போதும் அப்பாவைக் கடல் கொண்டுபோய்விட்டது என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைப்பானாம். ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை. இப்போது இரண்டு பேரையும் சேர்த்து அப்படி நினைத்துப் படுக்க முடியவில்லை என்றான்.

அதைக் கேட்டதும் இவர் உடைந்துபோனார். எழுந்து போய் அரிசி டிரம்மை வெளியே உருட்ட ஆரம்பித்தார். அவன் சொல்வதுதான் சரி, நான் எஞ்சினியர் என்று சொல்லிக்கொள்ள லாயக்கில்லை, பம்புக்குப் பக்கத்தில் சாக்கை வைத்தவன் நான், உன்னையும் கொன்றிருப்பேன், வா பகவதி, வீட்டுக்குப் போவோம், உனக்காவது நிம்மதியாக இருக்கட்டும் என்றார்.

எனக்காகவாம். கொச்சியில் படகைப் பார்த்த நாள் முதல் ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நின்ற மனுஷன், இப்போது என் தலையில் போட்டுக் கரையேறப் பார்க்கிறார். அதுவரை அடக்கி வைத்திருந்தது எல்லாம் வந்துவிட்டது.

"டிரம்ம அங்கன வையுங்க," என்றேன். "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சது போதும். இனி நான் பேசுகேன்."

மகேஷ் ஏதோ சொல்ல வந்தான். கையைக் காட்டினேன்.

"மக்கா, நீ பயந்தது எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா உன்னைப் பக்கத்தில படுக்க வச்சிருப்பேன். ஆனா நானும் பயந்தேன். உங்க அப்பா முப்பது வருஷம் தண்ணியில, நான் கரையில. ராத்திரி காத்தடிச்சா எழுந்து உக்காருவேன். இன்னைக்குக் காலையில கால வச்ச எடத்தில வெள்ளம். அப்பவும் நான் அவ்வளவு பயப்படல்ல. ஏன் தெரியுமா? கையை நீட்டுனா இவரு இருந்தாரு."

இவர் டிரம்மைப் பிடித்தபடியே நின்றார்.

"வீட்டில இவரு விருந்தாளி. இங்கதான் எனக்கு மாப்பிள்ளை. சண்டை போடுகதுக்கு ஆளு இருக்கு. அத நான் விடமாட்டேன். நட்டு தளந்தா இறுக்குவோம். எலி வந்தா அடிப்போம். முழுக்க நனைஞ்சாச்சு, இனி எனக்கு முக்காடு எதுக்கு?"

ஏலக்கூடத்தில் யாரோ ஒரு சரவெடியைக் கொளுத்தினார்கள். அது ஓயும்வரை மகேஷ் தலையைக் குனிந்துகொண்டு இருந்தான். பிறகு, அப்படியானால் நான் என்னதான் செய்யணும் என்று கேட்டான். சின்னப் பிள்ளையில் சட்டையை முன்பின்னாகப் போட்டுக்கொண்டு வந்து நின்று கேட்பானே, அந்தக் குரலில் கேட்டான்.

அவனுக்கு ஒரு வேலை கொடுக்காமல் அனுப்பக்கூடாது என்று எனக்குப் பட்டது. கார் வந்து நின்றது. அருமனையில் மருமகள் பிரியாணி வைத்துக்கொண்டு காத்திருப்பாள். அவன் ஷூவைப் பிழிந்து கையில் கொடுத்தேன். அது காய இரண்டு நாள் ஆகும். என்னுடைய ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

சுவர் மேல் ஏறியவனைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"நாகர்கோவில் வீட்டுக்கு நல்ல குடும்பமாப் பாத்து வாடகைக்கு விட்டிரு மக்கா."

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கட்டி, நான் வெள்ளையடித்து, நான் காத்துக்கிடந்த வீடு. வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. டிரம்மை உருட்டிக்கொண்டு போனார். இந்தத் தடவை முன்பக்கம், படுக்கைக்குக் கீழே, பம்புக்கு எட்டாத இடத்தில் வைத்தார்.

நான் சொன்னதை மகேஷ் செய்தான். தை பிறந்ததும் ஒரு வாத்தியார் குடும்பம் அந்த வீட்டில் பால் காய்ச்சிக் குடியேறியது. எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். போகவில்லை. அன்றைக்குக் காலையில் நல்ல கரைக்காற்று. சூசையின் படகு தொழிலுக்குப் போய் எங்களுக்கு வழி விட்டிருந்தது. பாயை ஏற்றுங்க என்று நான்தான் சொன்னேன்.